தனிஸ்லாசுக்குத் தெரிந்த சொல்

இடது காலுறை எப்படியோ ஏறிவிட்டது. வலது கால்தான் மல்லுக்கு நின்றது. ரோசா கட்டிலின் கால்மாட்டில் மண்டி போட்டு, கணவரின் பாதத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, காலுறையின் வாயை இரண்டு கட்டைவிரலாலும் அகட்டி இழுத்துப் பார்த்தாள். விரல்களைத் தாண்டிய துணி குதிகாலில் சிக்கிக்கொண்டது. அந்தக் குதிகால் வெடிப்புக்கு எத்தனை முறை எண்ணெயும் மஞ்சளும் குழைத்துக் கொடுத்திருப்பாள். மனுஷன் ஒருநாளும் தடவிக்கொண்டதில்லை. இப்போது அந்த வெடிப்பே துணியைப் பிடித்து வைத்திருந்தது.

"விடுங்க அண்ணி, நான் போடறேன்" என்றார் எத்தியேன். தனிஸ்லாசின் தம்பி. அண்ணனின் கல்யாணக் கோட்டை முதுகுப் பக்கம் கத்தரிக்கோலால் நேராக வெட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கோட்டைத் தைத்த காலத்தில் தனிஸ்லாஸ் ஒல்லி. இப்போது பின்னால் வெட்டினால்தான் முன்னால் பொத்தான் சேரும். பெட்டிக்குள் படுத்த பிறகு முதுகை யார் பார்க்கப்போகிறார்கள்.

"வேணாம். இது ஒண்ணுதான். நானே போட்டுடறேன்."

காலையில் முற்றத்து நாற்காலியில் பேப்பரோடு உட்கார்ந்தவர்தான். பேப்பர் விழுந்த சத்தம் அடுப்படிக்குக் கேட்டது. காற்றில் விழுந்திருக்கும் என்று ரோசா அரிசியைக் களைந்துகொண்டே இருந்தாள். டாக்டர் வந்து பார்த்து, வலி தெரிந்திருக்காதும்மா என்றார். எல்லோருக்கும் அப்படித்தான் சொல்வார் போலிருக்கிறது. நெல்லித்தோப்புக் கோயிலில் துக்க மணி அடித்தாயிற்று. ஐஸ் பெட்டிக்குச் சொல்லியாயிற்று. அடக்கம் நாளை சாயந்திரம். கூடத்தில் கோயில் பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அறைக் கதவைச் சாத்தியும் அந்த முனகல் உள்ளே வந்துகொண்டிருந்தது.

பக்கத்து அறையில் ஆஷ்லின் அப்பாவின் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். ஒரே மகன். லாஸ்பேட்டையில் காலேஜ் முதல் வருஷம். மீசை இப்போதுதான் ஒழுங்காக முளைக்கிறது. காலையிலிருந்து அவன் அழவில்லை. நாற்காலி வாடகைக்குச் சொன்னான், ஃபாதருக்குப் போன் செய்தான், அப்பாவின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து உறையில் போட்டான். அவன் அழாததுதான் ரோசாவுக்குப் பயமாக இருந்தது. அதைவிட, எத்தியேன் வந்ததிலிருந்து அவனிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாததும், அவன் அறைக்குள் வரும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வதும்.

எத்தியேனுக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கு விளங்கியது. எப்படி என்பதும் விளங்கியது. எத்தியேனின் மகள் எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிற பெண். ஆஷ்லின் போன வாரம் தன்னுடைய இன்ஸ்டாகிராமில் ஒரு படம் போட்டிருந்தான். கடற்கரைக் கல் மேல் அவனும் இன்னொரு பையனும் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிற படம். அம்மா பாரு என்று அவளிடமும் காட்டினான். இதையெல்லாம் எதுக்குடா ஊருக்குக் காட்டற என்று அவள் கேட்டதற்கு, அப்பாவுக்கே தெரியும், அப்பறம் யாருக்கும்மா நான் பயப்படணும் என்றான்.

அப்பாவுக்குத் தெரியும். அந்த ஒன்றில்தான் அவன் காலூன்றி நின்றான். அது எத்தனை பொய்யான தரை என்பது உலகத்தில் ரோசா ஒருத்திக்குத்தான் தெரியும்.

தனிஸ்லாஸ் பத்திரம் பதிகிற நொத்தேர் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர். பழைய பிரெஞ்சுப் பத்திரங்களைத் தமிழாக்கிக் கொடுப்பது அவருடைய வேலை. தம்பி எத்தியேன் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து, சிப்பாய்க்கான சொல்தா என்ற பேர் வாங்கி, பல ஊர் பார்த்து, பென்ஷனோடு திரும்பினார். அண்ணனைத் தட்டைப் பாதம் என்று பரிசோதனையிலேயே தள்ளிவிட்டார்கள். அதனால் தனிஸ்லாசின் பிரெஞ்சு இந்த ஊரை விட்டு எங்கேயும் போகாத பிரெஞ்சு. எந்தக் காலத்திலோ யாரோ யாருக்கோ தென்னந்தோப்பு விற்ற பிரெஞ்சு. பூசைப் புத்தகத்து பிரெஞ்சு. இங்கிலீஷ் அவருக்கு அவ்வளவாக வராது. டீவியும் பார்க்க மாட்டார்.

பிளஸ் டூ கடைசிப் பரீட்சை முடிந்த அன்றைக்கு ஆஷ்லின் அப்பாவின் அறைக்குள் போனான். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, அடுப்படியில் நின்ற ரோசாவைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டான். 

"அப்பாகிட்ட சொல்லிட்டேம்மா. அடிப்பார்னு நெனச்சேன். ரொம்ப நல்லதுன்னுட்டார், த்ரே பியேன்னு."

"இன்னாடா சொன்ன?"

"நான் கே-ன்னு சொன்னேன்."

ரோசாவுக்கு அந்த இங்கிலீஷ் வார்த்தை தெரியாது. அவன் தமிழில் சொல்லப் பார்த்தான். தமிழில் அதற்கு அவனுக்கு ஒரு வார்த்தையும் அகப்படவில்லை; சுற்றி வளைத்துத்தான் சொன்னான். "எனக்குப் பொண்ணுங்க மேல ஆச வராதும்மா. பசங்க மேலதான் வரும். சின்ன வயசுலேர்ந்தே அப்டித்தான். நானா பண்ணிக்கல." அவள் அவன் தலையைத் தடவவும் இல்லை, தள்ளவும் இல்லை. ரசம் பொங்கியது. போய் அடுப்பை அணைத்தாள்.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது தனிஸ்லாசின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"உன் பையன் எங்கிட்ட வந்து பிரெஞ்சு பேசறான் ரோசா. நான் கே-ன்றான். கே-ன்னா இன்னா தெரியுமா? குஷி. மனசு நெறஞ்ச சந்தோசம். பரீட்ச முடிஞ்ச குஷி. பாதி தமிழு பாதி பிரெஞ்சு, இருக்கட்டும், ஆரம்பம் அப்டித்தான். எத்தினி வருசமா கத்துக்கடா கத்துக்கடான்னு அடிச்சிக்கிட்டேன். த்ரே பியேன், எப்பவும் அப்டியே இருன்னு சொன்னேன். எங்க வூட்ல எவனும் அப்டி இருந்ததில்ல, நீயாவது இருடான்னேன்."

கையில் கரண்டியோடு ரோசா நின்றாள். இல்லைங்க, அவன் சொன்னது வேற கே என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். சொல்லியிருந்தால் அந்த முகத்தில் என்ன வந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. அவளுடைய சொந்த அண்ணன் மனைவியை விட்டுவிட்டு இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டதற்காக, அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூட வாயில் வைக்காத மனுஷன் இவர். அவளும் ஒன்றும் பெரிய மனசுக்காரி இல்லை. வில்லியனூர் மாதாவுக்குச் சனிக்கிழமை தவறாமல் மெழுகுவத்தி ஏற்றி, என் பிள்ளையை மாற்றிக் கொடு தாயே என்றுதான் கேட்டாள். மாறிவிட்டால் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிராது.

அதற்கப்புறம் காலையானால் அந்த வீட்டில் ஒரு கூத்து நடந்தது. பல் தேய்த்துவிட்டு வருகிற மகனைப் பார்த்து தனிஸ்லாஸ் கேட்பார்.

"இன்னாடா, கேயா?"

"கேதாம்பா."

"த்ரே பியேன்."

பையன் முகம் மலர்ந்து போவான். அதற்கு முன்னால் ஒரே வீட்டில் இரண்டு குடித்தனக்காரர்கள் மாதிரி இருந்தவர்கள் அவர்கள். இப்போது அப்பாவுக்கு அவன் சவரம் செய்துவிட்டான். அவர் அவனுக்கு பிரெஞ்சு வினைச்சொல் சொல்லிக் கொடுத்தார். மூன்றாம் வீட்டுக்காரி ஒருநாள், உங்க வூட்டு ஆம்பளைங்களுக்கு இன்னா காலங்காத்தால அவ்ளோ சிரிப்பு என்று கேட்டாள். ரோசா முதலில் அந்தச் சிரிப்பைக் கேட்டால் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொள்வாள். போகப் போக அது பிடித்துவிட்டது. அவர் வாங்கிக்கொண்டது ஒன்று, அவன் கொடுத்தது வேறொன்று. இருந்தாலும் அந்தச் சிரிப்புக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றாள். அவருக்கு இனிமேல் தெரியவே வேண்டாம் என்று நினைக்கத் தொடங்கியிருந்தாள். இப்போது அப்படியே ஆகிவிட்டது. இப்படி ஆக வேண்டும் என்று அவள் கேட்கவில்லை.

காலுறை ஒருவழியாகக் குதிகாலைத் தாண்டியது. ரோசா எழுந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

ஆஷ்லின் சட்டையோடு உள்ளே வந்தான். எத்தியேன் அதைக் கையில் வாங்காமல், கட்டிலில் வை என்று தாடையால் காட்டினார். அவரும் ரோசாவுமாகச் சட்டையை மாட்டினார்கள். வெட்டிய கோட்டை முன்பக்கமாகப் போர்த்தி, விளிம்புகளை முதுகுக்கடியில் செருகினார்கள். கைகளை மார்பில் கூப்பி, விரலிடுக்கில் செபமாலையைச் சுற்றி, பாடுபட்ட சுரூபத்தை நெஞ்சின் மேல் சாய்த்து வைத்தாள் ரோசா. அது அவளுடைய கல்யாணத்துக்கு அப்பா வாங்கிக் கொடுத்த மரச்சிலுவை. டை மட்டும் பாக்கி. ஆஷ்லின் அதைத் தன் கழுத்தில் போட்டு, பள்ளிக்கூடத்துக்குக் கட்டுகிற மாதிரி முடிச்சுப் போட்டு, தளர்த்தி, தலைவழியாக எடுத்தான். அப்பாவின் தலையைத் தூக்குவதற்காகக் குனிந்தான்.

"நீ தொடாத" என்றார் எத்தியேன்.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் கூடத்து முனகல் நின்றுபோன மாதிரி ரோசாவுக்குத் தோன்றியது.

"ஏன் சித்தப்பா?"

"ஏன்னு உனக்குத் தெரியாதா? நீ போட்ட படத்த ஊரே பாத்திருக்குது. எவனோ வந்து அண்ணங்கிட்ட காட்டியிருப்பான். இல்லாட்டி நல்லா இருந்த மனுசனுக்கு நெஞ்சு நிக்குமா?"

"அப்பாவுக்கு அப்பவே தெரியும்" என்றான் ஆஷ்லின். "நாந்தான் சொன்னேன். பரீட்ச முடிஞ்ச அன்னிக்கே."

"பொய் சொல்லாத. தெரிஞ்சிருந்தா அவன் உன்ன வூட்ல வெச்சிருப்பானா? எங்கண்ணன எனக்குத் தெரியாதா?"

"நெசமா சொன்னேன் சித்தப்பா. நான் கே-ன்னு சொன்னேன். த்ரே பியேன்னார். எப்பவும் அப்டியே இருன்னார். நம்ம வூட்ல யாரும் அப்டி இருந்ததில்ல, நீயாவது இருன்னார். டெய்லி காலையில கேப்பார், கேயான்னு. அம்மாவக் கேளுங்க."

எத்தியேனின் முகம் மாறியது. கோபம் வடிந்து, எதையோ கூட்டிக் கழித்துப் பார்க்கிற முகமாயிற்று.  ரோசாவைத் தவிர, இந்த வீட்டில் இரண்டு கேயும் தெரிந்த ஆள் அவர் ஒருத்தர்தான்.

"அடப்பாவி" என்றார் மெதுவாக. "எங்கிட்டயும் போன்ல சொன்னான்டா. பையன் பிரெஞ்சு பேசறான், கே-ன்றான்னு. நான் கூட சந்தோசப்பட்டேன்." கட்டிலில் கிடந்த அண்ணனைப் பார்த்தார். "டேய், பிரெஞ்சுல கே-ன்னா குஷி. சந்தோசமா இருக்கறதுக்குப் பேரு கே. அவனுக்குத் தெரிஞ்சது அந்த ஒரு கேதான். நீ குஷியா இருக்கறதா நெனச்சிக்கிட்டு அவன் த்ரே பியேன்னிருக்கான். உன் சங்கதி அவனுக்குத் தெரியவே தெரியாது."

ஆஷ்லின் கையில் டை தொங்கியது. அவன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். வாயைத் துணியால் கட்டி, மூக்கில் பஞ்சு வைத்திருந்த முகம். பிறகு திரும்பினான்.

"அம்மா?"

ரோசா அவன் கண்ணைப் பார்த்தாள். அந்தக் கூத்து நடந்த காலை வேளைகள் எல்லாம் அந்தக் கண்ணுக்குள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. இன்னும் கொஞ்சம் விட்டால் எல்லாமே அணைந்துவிடும். பிறகு எந்த அப்பாவிடம் போய் இவன் மறுபடி சொல்லுவான்.

"அவருக்குத் தெரியும்" என்றாள்.

"அண்ணி..."

"தெரியும். மொதல்ல நீங்க சொல்ற மாதிரிதான் நெனச்சிக்கிட்டார். அன்னிக்கே சாப்பிடறப்ப எங்கிட்ட சொன்னார். நாந்தான் அது அந்தக் கே இல்லைங்கன்னு எடுத்துச் சொன்னேன். எல்லாம் வெளக்கமாச் சொல்லிட்டேன். தெரிஞ்சுதான் மறுநாள் காலையில இவனக் கூப்ட்டு கேயான்னு கேட்டார்."

எத்தியேன் அவளை உற்றுப் பார்த்தார். "அப்பறமாத்தான் எனக்குப் போன் பண்ணி, பையன் பிரெஞ்சு பேசறான்னு சந்தோசப்பட்டானா?"

"தம்பிகிட்ட எல்லாத்தையும் சொல்லணுமா?"

"பாடுபட்ட சுரூபம் இருக்குது அண்ணி. அவன் நெஞ்சு மேலயே இருக்குது. தொட்டு சொல்லுங்க."

ரோசா யோசிக்கவில்லை. கையை நீட்டி மரச்சிலுவையின் மேல் வைத்தாள். சிலுவைக்குக் கீழே கோட்டு, கோட்டுக்குக் கீழே சட்டை, அதற்குக் கீழே அசையாத நெஞ்சு. இஸ்திரியின் சூடு சட்டையில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"சத்தியமா அவருக்குத் தெரியும்."

 கூடத்தில் யாரோ செபமாலையின் அடுத்த பத்து மணியைத் தொடங்கினார்கள். எத்தியேன் முதலில் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். அவர் நம்பவில்லை என்பது ரோசாவுக்குத் தெரிந்தது. ஆனால் சிலுவையைத் தொட்ட கைக்கு மேல் பேச அவருக்கு வாய் இல்லை.

ஆஷ்லினின் கேள்வி அவள் எதிர்பாராதது.

"நீ சொன்னப்ப அப்பா இன்னாம்மா சொன்னார்?"

 அவளுக்குப் பொய் சொல்வதுகூடச் சுலபமாக வந்துவிட்டது. செத்தவர் வாயில் வார்த்தையை வைப்பது வரவில்லை. அவர் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துப் பார்த்தாள். நாற்காலியை உதைத்துத் தள்ளியிருப்பாரோ. கதவைக் காட்டியிருப்பாரோ. ஒருவேளை கொஞ்ச நாள் கழித்து மனம் இளகியிருப்பாரோ. இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்தும் அது அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளாமல் இருக்கத்தானே வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல" என்றாள். "தட்டையே பாத்துக்கிட்டு இருந்தார். அப்பறம், பையன் சாப்ட்டானான்னு கேட்டார்."

ஆஷ்லினின் உதடு கோணியது. அப்படியே அப்பாவின் காலடியில் உட்கார்ந்து, சற்று முன் ரோசா போராடி மாட்டிய காலுறையின் மேல் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். சத்தம் கூடத்துக்குக் கேட்டது. பெண்கள் செபத்தை நிறுத்தாமல் குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டார்கள். அவன் அழுது ஓய்கிற வரைக்கும் எத்தியேன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அண்ணனின் தலையைத் தன் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார்.

"மாட்டுடா" என்றார்.

மறுநாள் சாயந்திரம் பூசைக்கு முன்னால் ஃபாதர் பாவசங்கீர்த்தனம் கேட்க உட்கார்ந்திருந்தார். துக்க வீட்டார் பாவத்தைச் சொல்லிவிட்டு நன்மை அப்பம் வாங்குவது வழக்கம். மழை தூறிக்கொண்டிருந்தது, கோயில் வாசலில் குடைகளைச் சாத்திவிட்டு ஜனங்கள் உள்ளே வந்தார்கள். பெட்டி பீடத்துக்கு முன்னால் இருந்தது. ரோசா எழுந்து போய் வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் ஒரே ஒருத்தி. என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியும். சிலுவையைத் தொட்டுப் பொய்ச் சத்தியம் செய்தேன் சாமி. அவ்வளவுதான். பாவத்துக்காக மனம் வருந்துகிறாயா என்று அவர் கேட்பார். வருந்தாத பாவத்துக்கு மன்னிப்பு கிடையாது, மன்னிப்பு கிடைக்காமல் நன்மை வாங்கவும் கூடாது. இது சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் படித்தது.

ரோசா மனசைத் துழாவிப் பார்த்தாள். துக்கம் இருந்தது, நிறைய இருந்தது. பயம் இருந்தது. அவரை ஏமாற்றிவிட்டோமே, அவருடைய வாயைத் தன் இஷ்டத்துக்குத் திறந்துவிட்டோமே என்ற வலி இருந்தது. ஆனால் அந்தக் கை இன்னொரு முறை சிலுவை மேல் போக வேண்டியிருந்தால் போகும். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. முன்னால் இருந்தவள் எழுந்து போனதும், ரோசா வரிசையை விட்டு விலகி, முதல் பெஞ்சுக்குத் திரும்பி வந்துவிட்டாள்.

முதல் வாசகத்தை ஆஷ்லின் படித்தான். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது, பிறகு நிமிர்ந்தது. பிரசங்கத்தில் ஃபாதர், தனிஸ்லாஸ் ஒரு எழுத்துப் பிசகாமல் மொழிபெயர்த்தவர், அவருடைய கையெழுத்து இருந்தால் நீதிமன்றம் மறுபேச்சுப் பேசாது என்றார். பின் பெஞ்சில் எத்தியேன் தொண்டையைச் செருமிக்கொண்டார். ரோசா திரும்பவில்லை.

நன்மை நேரம் வந்தது. விதவை எழுந்து வரச் சிரமப்படக் கூடாது என்று ஃபாதர் தாமே பாத்திரத்தோடு படியிறங்கி முதல் பெஞ்சுக்கு வந்தார். அப்பத்தை அவள் முகத்துக்கு நேராக உயர்த்தினார்.

"கிறிஸ்துவின் திருவுடல்."

ஆமென் என்று சொல்லி வாயைத் திறக்க வேண்டும். ரோசா தலையைக் குனிந்துகொண்டாள். முக்காடு நெற்றிக்கு இறங்கியது. ஃபாதர் காத்திருந்தார். பாட்டுக்காரர்கள் ஒரு அடியை முடித்து அடுத்த அடியை எடுத்தார்கள். தாங்க முடியாத துக்கம் என்று நினைத்தாரோ என்னவோ, அவள் தலையைத் தொட்டு ஆசீர்வதித்துவிட்டுப் பக்கத்துக்கு நகர்ந்தார். ஆஷ்லின் தெளிவாக ஆமென் சொன்னது அவளுக்குக் கேட்டது. பின் பெஞ்சிலிருந்து எத்தியேன் நன்மைக்குப் போகையில், அவளைக் கடக்கிற இடத்தில் ஒரு கணம் நடை தயங்கினார். பிறகு போய்விட்டார்.

ஆஷ்லின் மண்டி போடுவதற்கு முன் அவள் பக்கம் சாய்ந்தான்.

"ஏம்மா நீ வாங்கல?"

நன்மைக்கு முன்னால் ஒரு மணி நேரமாவது வயிறு காலியாக இருக்க வேண்டும். அது அவனுக்கும் தெரிந்ததுதான்.

"கெளம்பறப்ப டீ குடிச்சிட்டேன்டா" என்றாள் ரோசா. "மறந்துட்டேன்."

முந்தின நாள் காலையிலிருந்து அவள் வாயில் ஒரு பருக்கைகூடப் படவில்லை. சரிம்மா என்று தலையாட்டிவிட்டு, ஆஷ்லின் கண்ணை மூடி மண்டி போட்டான். அவனுக்கு முழங்கால் இடிக்காமல் ரோசா தன் காலை மடக்கிக்கொண்டாள்.